அந்த உருண்டை எழுத்துல போடுங்க தம்பி

படிப்பு முடித்த கையோடு ஒன்றரை வருடம் ஒரு டிடிபி கடையில் வேலை பார்த்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னக் கடை. ஜெராக்ஸ் மெஷின் ஒன்று, கம்ப்யூட்டர் இரண்டு, சுவர் முழுக்க மாதிரிக்கு ஒட்டிவைத்த கல்யாணப் பத்திரிகைகள். ஒருநாள் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குக் கார்டு அடிக்க வந்தார். தமிழில் வழக்கமான வாசகங்கள்தான். கீழே மட்டும், மகனுடைய ஆபீஸ்காரர்கள் தமிழ் படிக்க மாட்டார்கள் என்று இரண்டு வரி ஆங்கிலம் கேட்டார். டைம்ஸ் நியூ ரோமனில் அடித்துக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தவர், "இது பேங்க் நோட்டீஸ் மாதிரி இருக்கு தம்பி" என்றார். சுவரில் இருந்த ஒரு நர்சரி பள்ளியின் ஆண்டுவிழா அழைப்பிதழைக் காட்டி, "அந்த உருண்டை எழுத்து இருக்குல்ல, கையால எழுதின மாதிரி, அதுல போடுங்க."

அவர் காட்டியது காமிக் சான்ஸ் என்ற எழுத்துரு, அதாவது ஃபான்ட். கருமாதி கார்டில் காமிக்கா என்று நான் விழித்தேன். கேட்டதைப் போட்டுக்கொடு என்று முதலாளி கண்ணாலேயே சொல்லிவிட்டார். போட்டேன். 200 கார்டு. மனிதர் திருப்தியாக வாங்கிக்கொண்டு போனார். இந்தக் கதையை டிசைன் வேலை செய்யும் நண்பர்களிடம் சொல்லிப் பல வருடம் சிரித்திருக்கிறேன். இப்போது அவ்வளவு சிரிப்பு வருவதில்லை. காரணம் சொல்ல வேண்டுமென்றால் அந்த எழுத்தின் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

கதை ஒரு நாயிலிருந்து தொடங்குகிறது. 1994-இல் மைக்ரோசாஃப்ட் 'பாப்' என்றொரு மென்பொருளைத் தயாரித்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் என்றாலே தள்ளி நிற்பவர்களுக்கானது அது. திரையில் ஒரு வீடு, அதில் அறைகள், மேசை, நாற்காலி. எதை எங்கே தொட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ரோவர் என்ற கார்ட்டூன் நாய். நாய் பேசும்போது, சித்திரக்கதையில் வருவது போல வாய்க்குப் பக்கத்தில் ஒரு பேச்சுக் குமிழ் எழும். குமிழுக்குள் இருந்த எழுத்தோ டைம்ஸ் நியூ ரோமன். லண்டனின் டைம்ஸ் நாளிதழுக்காக உருவாக்கப்பட்டு 1932-இல் அச்சேறிய எழுத்து அது. நாய் வாலை ஆட்டிக்கொண்டே தலையங்கம் வாசித்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்திருக்கிறது.

அந்தச் சோதனைப் பதிப்பைப் பார்த்தவர்களில் ஒருவர் வின்சென்ட் கான்னேர். மைக்ரோசாஃப்டின் எழுத்துருப் பிரிவில் வேலை பார்த்தவர். இந்த நாய் இப்படிப் பேசாதே என்று அவருக்குத் தோன்றியது. யாரும் அவரிடம் புது எழுத்துரு கேட்கவில்லை, அவராகத்தான் ஆரம்பித்தார். கையருகே இருந்த பேட்மேன், வாட்ச்மென் காமிக்ஸ் புத்தகங்களை எடுத்துப் பார்த்தார். ஒன்றையும் நகலெடுக்கவில்லை. அந்தக் கையெழுத்தின் நடையைப் பார்த்துப் பார்த்து, மவுஸைப் பிடித்துத் திரையிலேயே வரைந்தார், பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி வரைந்தார்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. அமெரிக்கக் காமிக்ஸ் புத்தகங்களில் வசனம் கிட்டத்தட்ட முழுக்கப் பெரிய எழுத்துகளில், அதாவது கேப்பிட்டல் லெட்டரில்தான் இருக்கும். பார்த்து வரையச் சின்ன எழுத்துகளே கிடையாது. ஆகவே, இன்று உலகம் முழுக்க நோட்டீஸ்களில் காமிக் சான்ஸ் என்று நாம் அடையாளம் காணும் அந்தச் சின்ன எழுத்துகள், அதாவது உருண்டை 'ஏ'யும் (a) சரிந்து நிற்கும் 'இ'யும் (e), காமிக்ஸிலிருந்து வந்தவை அல்ல, பெரும்பாலும் கான்னேரின் சொந்தக் கற்பனை. காமிக்ஸுக்குக் கையால் வசனம் எழுதுகிறவர்கள் இதில் இன்னொரு குறையும் சொல்வார்கள். அவர்கள் தொழிலில் மேலும் கீழும் கட்டை வைத்த 'ஐ' (I) என்பது 'நான்' என்று தனியாக வரும்போது மட்டும்தான், ஒரு வார்த்தைக்கு நடுவே வருவது வெறும் கோடு. காமிக் சான்ஸிலோ பெரிய 'ஐ' எங்கே வந்தாலும் கட்டையோடுதான் வரும். ஒரு காமிக்ஸ்காரரிடம் இந்த எழுத்துருவில் முழுக்கப் பெரிய எழுத்தாக ஒரு வசனத்தை அடித்துக் காட்டினால், முதல் பார்வையிலேயே இது நம்ம ஆள் எழுதியதில்லை என்று சொல்லிவிடுவார்.

சரி, நாய்க்காவது அது உபயோகப்பட்டதா? இல்லை. எழுத்துரு தயாராவதற்குள் மென்பொருள் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. குமிழ்களின் அளவெல்லாம் டைம்ஸ் நியூ ரோமனை வைத்துப் போட்டது. புது எழுத்து கொஞ்சம் அகலம், குமிழுக்குள் அடங்கவில்லை. 1995 மார்ச்சில் வெளிவந்த பாப், பழைய எழுத்திலேயே பேசி, அடுத்த வருடமே கடையைக் கட்டியது. நாய்க்குத் தைத்த சட்டை நாய்க்குப் போடாமலேயே மிச்சமாகிவிட்டது. அதே நிறுவனத்தின் 3டி மூவி மேக்கர் என்ற குழந்தைகளுக்கான மென்பொருள் அதை எடுத்துப் போட்டுக்கொண்டது. பிறகு விண்டோஸ் 95-க்குத் தனியாக விற்ற பிளஸ் பேக்கில் சேர்ந்தது, அப்புறம் விண்டோஸிலேயே சேர்ந்துவிட்டது. 1996-இல் இணையப் பக்கங்களுக்கென்று மைக்ரோசாஃப்ட் இலவசமாகக் கொடுத்த எழுத்துருத் தொகுப்பிலும் ஏரியல், ஜார்ஜியா, வெர்டானாவோடு இதுவும் இருந்தது. எங்கள் கடையின் இரண்டு கம்ப்யூட்டருக்கும் அது வந்து சேர்ந்த பாதை இதுதான்.

எழுத்துருக்களைத் தொழில்காரர்கள் பொதுவாக இரண்டாகப் பிரிப்பார்கள். நாவல், செய்தி, பாடப்புத்தகம் என்று பக்கம் பக்கமாகப் படிப்பதற்கு ஒரு வகை. அது கண்ணில் படவே கூடாது, படிக்கிறவர் விஷயத்தை மட்டும் பார்க்க வேண்டும். தலைப்பு, போஸ்டர், பெயர்ப்பலகை, பிஸ்கட் பாக்கெட் என்று பெரிதாக, நாலைந்து வார்த்தைக்கு மட்டும் போடுவது இன்னொரு வகை. அது கண்ணில் பட்டே ஆக வேண்டும். கையால் வரைந்த மாதிரியான விளையாட்டு எழுத்துகள் எல்லாம் இந்த இரண்டாம் வகை. காமிக் சான்ஸும் அந்த வகைதான், ஒரு குமிழுக்குள் பத்து வார்த்தை பேசுவதற்காகப் பிறந்தது. அதில் மூன்று பக்கக் கடிதம் எழுதுவது ஜரிகை வேட்டி கட்டிக்கொண்டு வயலில் இறங்குவது போல. குற்றம் ஒன்றுமில்லை, கொஞ்ச நேரத்தில் கசகசக்கும், அவ்வளவுதான்.

ஏன் கசகசக்கிறது என்பதை எழுத்தைப் பெரிதாக்கி வைத்துப் பார்த்தால் புரியும். நல்ல பாட எழுத்துருவில் ஒரு கோடு எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருக்காது. ஒரு வளைவு நேர்க்கோட்டோடு சேரும் இடத்தில் கொஞ்சம் இளைத்துச் சேரும். இளைக்காமல் விட்டால் அந்த மூலையில் மை தேங்கியது போல ஒரு கருமை விழும். காமிக் சான்ஸ் தடிமன் மாறாத மார்க்கர் பேனாவில் எழுதிய மாதிரியான எழுத்து, எங்கேயும் இளைக்காது. ஆங்கிலச் சின்ன 'என்', 'எம்' இரண்டிலும் தோள் சேரும் இடத்தைப் பாருங்கள், அடர்த்தியாகத் தெரியும். ஒரு வார்த்தையில் சரி. ஒரு பக்கம் முழுக்க இந்த அடர்த்திகள் இறைந்து கிடந்தால், சமமாக வெள்ளையடிக்காத சுவர் மாதிரி பக்கம் திட்டுத்திட்டாகத் தெரியும்.

ஆனால் 1995-இல் இந்தக் குறை யார் கண்ணிலும் பட்டிருக்காது, ஏனென்றால் அன்றைய திரையில் சின்ன அளவில் ஒரு கோடு என்பது ஒரே ஒரு பிக்சல் தடிமன். ஓரங்களை மழுங்கடித்துக் காட்டும் நுட்பம் பரவலாகாத காலம் அது. தடித்தும் மெலிந்தும் போகும் அழகான எழுத்துகள் அந்தக் கட்டம் போட்ட திரையில் உடைந்து நொறுங்கின. எங்கும் ஒரே தடிமன் என்று பிடிவாதமாக இருந்த காமிக் சான்ஸ் பிசிறில்லாமல் நின்றது. திரைகள் நல்ல திரைகளான பிறகுதான் அதன் முகம் பளிச்சென்று தெரிந்து, திட்டும் அதிகமானது.

கையெழுத்து மாதிரி செய்யும் எந்த எழுத்துருவுக்கும் இன்னொரு சங்கடம் உண்டு. மனிதக் கை ஒரே எழுத்தை இரண்டு தடவை ஒரே மாதிரி எழுதாது. 'பப்பாளி' என்று எழுதிப் பாருங்கள். முதல் 'ப'வும் இரண்டாவது 'ப்'பும் ஒன்றாக இருக்காது. எழுத்துருவில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று. கோணல் என்றால் அதே கோணல், பல்லிளிப்பு என்றால் அதே பல்லிளிப்பு. நாலு வார்த்தையில் தெரியாது, நாற்பது வார்த்தையில் குட்டு உடைந்துவிடும். இப்போது வரும் நல்ல கையெழுத்து எழுத்துருக்களில் ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு மூன்று உருவம் வரைந்து வைத்துவிட்டு, பக்கத்தில் எது வருகிறது என்று பார்த்து மாற்றி மாற்றிப் போடும்படி உள்ளேயே விதி எழுதிவிடுகிறார்கள். 1994-இல் விண்டோஸில் அந்த வசதி எல்லாம் கிடையாது.

சரி, இத்தனை குறையுள்ள ஒன்று எப்படி இவ்வளவு பரவியது? இலவசமாகக் கூடவே வந்தது ஒரு காரணம், ஆனால் கூடவே வந்த எல்லாமா பரவின? எனக்குத் தெரிந்து விடை அன்றைய ஃபான்ட் பட்டியலில்தான் இருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தால் டைம்ஸ் நியூ ரோமன் இருக்கும், ஏரியல் இருக்கும், கூரியர் நியூ இருக்கும். ஒன்று பத்திரிகைக்காரர், ஒன்று அரசு சுற்றறிக்கை, ஒன்று கோர்ட்டு வாசல் டைப்ரைட்டர். அந்த வரிசையில் முகத்தில் சிரிப்போடு இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதற்கு முன்னால் எந்த எழுத்தில் அச்சடிப்பது என்பது அச்சகத்துக்காரர் முடிவு செய்கிற விஷயம். வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வந்தபோதுதான் ஒரு டீச்சரும் ஒரு சர்ச் உறுப்பினரும் நாயைத் தொலைத்த வீட்டுக்காரரும் முதன்முதலாகத் தாங்களே எழுத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுக்கு மிரட்டாத எழுத்து வேண்டும், தங்கள் கையெழுத்துக்குப் பக்கத்தில் வருகிற எழுத்து வேண்டும். கிடைத்ததை எடுத்தார்கள். கடைக்கு வந்த அந்தப் பெரியவர் 'பேங்க் நோட்டீஸ்' என்று சொன்னாரே, அதே கணக்கு.

தொழில்காரர்களுக்கு இது பொறுக்கவில்லை. 1999-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் டேவ் கோம்ஸ், ஹாலி கோம்ஸ் என்ற இரண்டு வடிவமைப்பாளர்கள் காமிக் சான்ஸைத் தடை செய்யச் சொல்லி ஓர் இயக்கமே தொடங்கினார்கள். பாதி விளையாட்டு, பாதி நிஜம். எங்கிருந்து கோபம் வந்தது என்று பார்த்தால், ஒரு குழந்தைகள் அருங்காட்சியகத்தின் கண்காட்சிக்கு அந்த எழுத்தைத்தான் போட வேண்டும் என்று வேலை கொடுத்தவர் பிடிவாதம் பிடித்திருக்கிறார். குழந்தைகள் அருங்காட்சியகம்! உலகத்தில் அந்த எழுத்துக்குப் பொருத்தமான இடம் என்று பத்து சொல்லச் சொன்னால் அது நிச்சயம் ஒன்று. பிரச்சினை எழுத்தில் இல்லை, வாடிக்கையாளர் சொல்லித் தொழில்காரன் கேட்க வேண்டியிருந்ததில்தான் இருந்தது என்று நான் நினைக்கிறேன். நானும் அந்தக் கடையில் விழித்தவன்தானே, எனக்குத் தெரியாதா அந்தக் கடுப்பு.

அப்புறம் அது ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது, எங்கே காமிக் சான்ஸ் தலை காட்டினாலும் பிடித்துச் சிரிப்பது. 2010 ஜூலையில் கூடைப்பந்து நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் கிளீவ்லாண்ட் அணியைவிட்டு மயாமிக்குப் போவதாக அறிவித்த அன்றிரவே, அணியின் உரிமையாளர் டான் கில்பர்ட் துரோகம், கோழைத்தனம் என்றெல்லாம் கொதித்து ரசிகர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார். எழுத்து, காமிக் சான்ஸ். இதில் சிரித்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பலூன் விற்கிறவர் குரலில் சாபம் விட்டால் சிரிப்புத்தான் வரும். 2013-இல் வாட்டிகன், பதவி விலகிய பதினாறாம் பெனடிக்டுக்காக வெளியிட்ட டிஜிட்டல் புகைப்பட ஆல்பத்திலும் இது இருந்தது. அது பெரிதாக யாரையும் உறுத்தியிருக்க வேண்டியதில்லை, குடும்ப ஆல்பம் மாதிரி நினைத்திருப்பார்கள்.

ஆனால் 2012 ஜூலை 4 வேறு கதை. ஜெனீவாவுக்குப் பக்கத்தில் செர்ன் ஆய்வுக்கூடம். 1964-இல் ஏட்டில் கணித்த ஹிக்ஸ் போசான் துகள் கிடைத்துவிட்டது என்று அறிவிக்கிறார்கள். கணித்தவர்களில் ஒருவரான பீட்டர் ஹிக்ஸ் அரங்கில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அந்தத் துகளைத் தேடிய அட்லஸ் குழுவின் சார்பில் பேசிய ஃபாபியோலா ஜனோட்டியின் ஸ்லைடுகள் முழுக்கக் காமிக் சான்ஸ். இணையத்தில் ஒரு பெருங்கூட்டம் துகளை விட்டுவிட்டு எழுத்தைப் பிடித்துக்கொண்டது. எனக்கு இதில் ஜனோட்டி பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஸ்லைடு என்பது புத்தகம் இல்லை, பேசுகிறவர் பேச்சோடு சேர்ந்து வந்துபோகிற குறிப்பு, கிட்டத்தட்டப் பேச்சுக் குமிழ் மாதிரிதான். அந்த ஸ்லைடுகளில் உண்மையான தொந்தரவு வேறு. வண்ண வண்ணப் பெட்டிகளும் அம்புக்குறிகளும் படங்களும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன, எந்த எழுத்தைப் போட்டிருந்தாலும் அது மாறியிருக்காது. கிண்டலுக்குப் பதிலடியாக 2014 ஏப்ரல் முதல் தேதி, இனி எங்கள் இணையதளம் முழுக்கக் காமிக் சான்ஸ்தான் என்று செர்ன் அறிவித்தது. ஜனோட்டி 2016-இல் அதே ஆய்வுக்கூடத்தின் தலைமை இயக்குநரானார்.

அது உண்மையிலேயே நன்றாக வேலை செய்கிற இடம் ஆரம்பப்பள்ளி வகுப்பறை. ஆங்கிலச் சின்ன 'ஏ'யை அச்சில் மேலே ஒரு கொண்டை வைத்து இரண்டு மாடியாகப் போடுவார்கள். குழந்தைக்குக் கையால் எழுதச் சொல்லிக்கொடுப்பது கொண்டை இல்லாத ஒற்றை உருண்டை. புத்தகத்தில் ஒன்று, சிலேட்டில் ஒன்று என்றால் ஐந்து வயதுக்குக் குழப்பம்தான். காமிக் சான்ஸில் இருப்பது சிலேட்டு 'ஏ'. எழுத்துகளுக்கு நடுவே தாராளமாக இடமும் விட்டிருக்கும். இதனால் வாசிப்பதில் சிரமம், அதாவது டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்கு நல்லது என்று ஒரு பேச்சு நீண்ட நாளாக உண்டு. பிரிட்டனின் டிஸ்லெக்சியா சங்கம் பரிந்துரைக்கும் எழுத்துருக்களில் ஏரியலோடு காமிக் சான்ஸையும் சேர்த்திருக்கிறது. இதைக் கேட்டு யாரும் மாய மருந்து என்று நினைத்துவிட வேண்டாம். 2012-இல் இத்தாலிய, பிரெஞ்சுப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், எழுத்துரு மாறாமல் எழுத்துகளுக்கு இடையே இடைவெளியை மட்டும் கூட்டியதிலேயே டிஸ்லெக்சியா உள்ளவர்களின் வாசிப்பு கண்கூடாக மேம்பட்டது. ஆக, உதவுவது உருண்டையைவிட அந்தத் தாராள இடமாகத்தான் இருக்க வேண்டும்.

இதைத் திருத்தி எழுதவும் ஆட்கள் முயன்றிருக்கிறார்கள். 2014-இல் கிரெய்க் ரொசின்ஸ்கி என்ற ஆஸ்திரேலிய வடிவமைப்பாளர் காமிக் நியூ என்று ஒன்று செய்து இலவசமாக வெளியிட்டார். கோணல்களைச் செதுக்கி, கோடுகளை நிமிர்த்தி, பார்க்கப் பாந்தமாக இருக்கும். எனக்கு அது நல்ல பள்ளியில் சேர்த்துவிட்ட வாலுப்பிள்ளை மாதிரித் தெரியும். ஒழுங்காக இருக்கிறது, ஆனால் பழைய வால் இல்லை.

இதெல்லாம் ஆங்கிலம். காமிக் சான்ஸில் தமிழ் எழுத்து கிடையாது. வேர்டில் தமிழையும் ஆங்கிலத்தையும் கலந்து அடித்து, மொத்தத்தையும் தேர்ந்தெடுத்துக் காமிக் சான்ஸைக் கொடுத்துப் பாருங்கள். ஆங்கிலம் மட்டும் குதிக்க ஆரம்பிக்கும். தமிழுக்கு அந்த உருவம் இல்லாததால் கணினி தன்னிடம் உள்ள வேறொன்றை, பழைய விண்டோஸ் என்றால் லதாவை, புதியது என்றால் நிர்மலாவை, எடுத்துப் போட்டுக்கொள்ளும். ஒரே வரியில் பாதிப் பேர் கூத்தாட, பாதிப் பேர் அட்டென்ஷனில் நிற்பார்கள்.

தமிழில் இப்படி ஒரு விளையாட்டு எழுத்துரு வர நாளானதற்கு வேலையின் அளவும் ஒரு காரணம். ஆங்கிலத்துக்குப் பெரியது 26, சின்னது 26 வரைந்தால் எழுத்து வரை முடிந்தது. தமிழில் 247-ஐயும் தனித்தனியாக வரைய வேண்டியதில்லைதான், காலும் கொம்பும் ஒரு தடவை வரைந்தால் எல்லாவற்றுக்கும் ஆகும். ஆனால் உகர ஊகார வரிசையில் அந்தக் கதை நடக்காது. 'பு'வில் நேராக ஒரு கோடு இறங்கும், 'கு'வில் வால் சுழன்று வரும், 'து'வில் கீழே போய் மேலே ஏறும். 'கூ' ஒரு மாதிரி, 'சூ' ஒரு மாதிரி, 'ணூ' இன்னொரு மாதிரி. பதினெட்டு மெய்க்கும் இரண்டிரண்டாக 36 உருவம் தனியாக வரைந்தே ஆக வேண்டும். அதற்கு மேல் டி, டீ, அப்புறம் ஜ, ஷ, ஸ, ஹ, ஸ்ரீ. இத்தனையிலும் அதே குறும்பு குறையாமல் இருக்க வேண்டும், முதல் நாள் வரைந்த 'க'வும் மூன்றாவது மாதம் வரைந்த 'ஞூ'வும் ஒரே கை எழுதியது போலத் தெரிய வேண்டும். போதாததற்குத் தடித்த பேனா என்றால் 'ண'வின் சுழிகள் மை நிறைந்து அடைத்துக்கொள்ளும். அடைக்காமல் இருக்க எழுத்தை அகலமாக்கினால் 'ண்ண' என்று வரும் இடத்தில் பாதி வரியை அதுவே தின்றுவிடும்.

இன்னொரு காரணம், நமக்கு அந்தத் தேவையே வெகுநாள் இல்லாமல் இருந்தது. வாரப் பத்திரிகையில் கதைத் தலைப்பை ஓவியரே வரைந்துவிடுவார். சினிமாப் பெயரை டைட்டில் ஆர்ட்டிஸ்ட் எழுதுவார். கடைப்பலகைக்கும் தேர்தல் சுவருக்கும் பெயிண்டர் இருந்தார். எங்கள் ஊரில் ஒருவர் சுண்ணாம்பு அடித்த சுவரில் நூல் பிடித்து இரண்டு கோடு போட்டுவிட்டு, எழுத்தின் வெளிக்கோட்டைக்கூட வரையாமல் நேரே பிரஷ்ஷால் 'வாக்களிப்பீர்' என்று எழுதி முடிப்பதை வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கிறேன். வளைவு எங்கே தடிக்க வேண்டும், எங்கே இளைக்க வேண்டும் என்று அவர் மணிக்கட்டுக்குத் தெரியும். கையால் எழுத ஆள் இருக்கும்போது கையால் எழுதின மாதிரி எழுத்துரு எதற்கு? 2000-களில் ஃப்ளெக்ஸ் வந்து பெயிண்டரை வீட்டுக்கு அனுப்பியது. அதன் பிறகுதான் ஒவ்வொரு டிடிபி கடையிலும் தலைப்புக்கு நாலு நல்ல எழுத்துக்காக ஃபான்ட் சிடிக்களைத் தேடி அலைந்தோம். கிடைத்தவையும் ஒவ்வொன்றும் ஒரு தனிக் குறியீட்டில் இருக்கும், ஒன்றில் அடித்ததை இன்னொன்றுக்கு மாற்றினால் ஏதோ மந்திரம் மாதிரி வரும்.

இப்போது நிலைமை எவ்வளவோ பரவாயில்லை. மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் குழு பலூ என்று ஒரு குடும்பத்தையே செய்திருக்கிறது. பலூ என்பது ஜங்கிள் புக் கதையில் வரும் கரடியின் பெயர், எழுத்தும் கரடிக்குட்டி மாதிரிக் கொழுகொழுவென்று இருக்கும். ஒவ்வொரு மொழிக்கும் ஒரு உறவுமுறை வைத்திருக்கிறார்கள். குஜராத்திக்குப் பலூ பாய், வங்காளத்துக்குப் பலூ தா, தெலுங்குக்குப் பலூ தம்முடு, மலையாளத்துக்குப் பலூ சேட்டன், நமக்குப் பலூ தம்பி. மலையாளத்துக்கு அண்ணன், நமக்குத் தம்பியா என்று சண்டைக்குப் போகலாம், ஆனால் இலவசமாகக் கொடுத்திருக்கிறார்களே. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் செய்த கவிவாணர் வேறு ரகம், சாய்ந்த கையெழுத்து, பலூ மாதிரி சத்தம் போடாது. இரண்டும் யூனிகோட் என்ற பொதுக் குறியீட்டில் இருப்பவை, இரண்டும் காசில்லை.

போன மாதம் ஒரு நண்பர் நடத்தும் சிறுவர் நூலகத்துக்கு ஒரு அறிவிப்புப் பலகை செய்துகொடுத்தேன். மேலே தமிழ், கீழே ஆங்கிலம், இரண்டும் பலூ தம்பி. அதில் ஆங்கில எழுத்தும் உள்ளேயே உண்டு. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒன்று உறைத்தது. தமிழின் கோடும் ஆங்கிலத்தின் கோடும் ஒரே தடிமன், ஒரே மழுங்கல், ஒரே வளைவு. அப்போதுதான் அந்தப் பதினாறாம் நாள் கார்டு ஞாபகம் வந்தது. எங்கள் கடைத் தமிழ் எழுத்து உருண்டையானது, தடிமன் அதிகம் மாறாதது. அதன் காலடியில் நான் போட்டுக் காட்டியது, மயிரிழையாய் மெலிந்து, திடீரெனத் தடித்து, ஓரத்தில் முள் வைத்த டைம்ஸ் நியூ ரோமன். அந்தப் பெரியவர் காமிக்ஸ் கேட்கவில்லை. அவருக்குக் காமிக்ஸ் என்றால் என்ன என்று தெரிந்திருக்கவே தேவையில்லை. எங்கள் இரண்டு கம்ப்யூட்டரிலும் இருந்த ஆங்கில எழுத்துகளில், மேலே இருந்த தமிழோடு ஒட்டிப்போகக்கூடிய ஒன்றைத்தான் சுவரிலிருந்து கண்டுபிடித்துக் காட்டியிருக்கிறார். நம்மூர் நோட்டீஸ்களிலும் பள்ளிச் சான்றிதழ்களிலும் தமிழுக்குப் பக்கத்தில் அது அத்தனை தடவை வருவதற்கும் இதுதான் காரணம் என்பது என் சந்தேகம்.

சரிபார்த்துவிடலாம் என்று ஞாபகத்திலிருந்து அந்தக் கார்டை மறுபடி அடித்தேன், பெயரை மட்டும் மாற்றி. ஒன்றில் கீழ் வரி டைம்ஸ் நியூ ரோமன், இன்னொன்றில் காமிக் சான்ஸ். பிரிண்ட் எடுத்துச் சாப்பாட்டு மேசையில் அம்மாவுக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அம்மா பதறிப்போய், "யாருடா போனது?" என்றாள். ஒருத்தரும் போகவில்லை, எழுத்தை மட்டும் பாரும்மா என்று சமாதானப்படுத்திய பிறகு இரண்டையும் தூக்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். உருண்டையில் விரலை வைத்தாள். "இது ஒரே ஆள் எழுதினது. அதுல கீழ இருக்கறதை வேற யாரோ எழுதியிருக்காங்க."